இடது காது

வாளையாறுக்கு இந்தப் பக்கம், சாவடி தாண்டி,
நெடுஞ்சாலை ஓரம் ஒரு எடைமேடை.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
அதன் கண்ணாடி அறைக்குள் நான்.
வெற்று வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு,
கழித்தால் மிச்சம் எவ்வளவு.
ரசீதின் அடியில் த. மரகதம்.

வடக்கஞ்சேரி வர்க்கி, சில்லறை இல்லையென்று,
எண்பது ரூபாய்க்கு ஈடாக
ஒரு மெமரி கார்டை வைத்துவிட்டுப் போனான்.
"நாளெ வந்நு எடுக்காம் சேச்சி."
நாளை போனது, மார்கழி போனது, தை.

அதில் அவன் மகளின் ஞானஸ்நானம் நாற்பது படம்,
பிறகு பெயரில்லாத ஐந்து பாட்டு.
பாட்டு என்கிறேன், பாடுகிறவர் யாரும் இல்லை.
முதலாவதின் தொடக்கத்தில் மட்டும் ஒருவன்
"ஊனோ, தோஸ்" என்கிறான்.
என்ன மொழியோ.
ராத்திரியெல்லாம் எண்ணுகிறவளுக்கு
எண்ணுகிறவன் குரல் தெரியாதா.

வலது காதை ஜன்னலுக்குக் கொடுத்தாக வேண்டும்,
ஹாரன் அடிப்பார்கள், "போடும்மா" என்பார்கள்.
ஆகவே இடது காதில் மட்டும் ஒயர்.
அங்கே முழுக்கத் தோலும் கட்டையும்.
இரண்டு குச்சிகள் ஒன்றையொன்று தட்டும்:
ரெண்டு. கொஞ்சம் நிறுத்தி, மூணு.
எங்கோ கேட்டிருக்கிறேன், எங்கோ, என்று
ஒரு வாரம் குழம்பினேன்.
பிறகு பதினாலு டயர் வண்டி ஒன்று மேடை ஏறியது.
முன்னே ரெண்டு அச்சு, பின்னே மூணு.
இரும்புத் தட்டின் விளிம்பில் டக், டக்.
பொறுத்து, டக், டக், டக்.
மேடைக்கு அந்தப் பக்கம் பள்ளம்,
வந்த வழியே பின்னால்தான் இறங்க வேண்டும்.
இறங்கும்போது மூணு, ரெண்டு.
நாலாவது பாட்டில் அவர்களும்
அப்படித்தான் ரிவர்ஸ் எடுக்கிறார்கள்.

மூன்றாவது மட்டும்
கயிறு அறுந்த தேங்காய் லோடு.
ஒவ்வொரு காயும் தன் பள்ளம் தேடி ஓடும்,
ஒன்பது நிமிடம், பொறுக்க ஆளில்லை.
முதலில் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.
பிறகு அதற்காகவே கட்டஞ்சாயாவை ஆறவிட்டேன்.

வலது காதில் வாளையாறு இருந்தது:
ஏர் பிரேக்கின் பெருமூச்சு, டீக்கடை பாய்லர்,
யானைத் தடத்தில் ரயில் விடாமல் ஊதுவது,
கிளீனர் பழனியப்பனின் தமிழ் வசவு, மலையாள வசவு.
எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாட்டு என்று
கேட்டிருந்தால் சூடம் அணைத்திருப்பேன்.

ஆடியில் லாரி ஸ்டிரைக்.
மூன்று ராத்திரி நடுச்சாலையில் நாய் படுத்திருந்தது,
வெள்ளைக் கோட்டின் மேலேயே.
முதல் முறையாக இரண்டு காதிலும் ஒயர்.

அங்கே ஒரு ஆள் இருந்தான்.
இத்தனை மாதமும் இருந்திருக்கிறான்,
வலது பக்கத்தில்,
கத்திக்கொண்டு.
கல்யாண மண்டபத்தில் பந்தி நேரம் ஊதுகிற
அதே சாக்ஸபோன்தான்.
ஆனால் இவன் யாரையும் சாப்பிட அழைக்கவில்லை.
இறக்கத்தில் பிரேக் பிடிக்காதவன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டானே, அப்படி.
ஓரிடத்தில் ஸ்வரம் தீர்ந்து
வெறும் மூச்சு மட்டும் வருகிறது.
எனக்குக் கூச்சமாகிவிட்டது.
எட்டு மாதம் குடியிருந்த வீட்டில்
அடுத்த அறையில் ஆள் இருப்பதை
இன்றைக்குத்தான் பார்த்ததுபோல்.

பிடித்ததா என்றால், தெரியவில்லை.
அவன் நிற்கிற இடத்தில்தான்
இதுவரை ரயில் நின்றது, பாய்லர் நின்றது.
கழித்துப் பார்த்தேன்,
கணக்கு வரவில்லை.

கணவாயில் காற்று இறங்கியது.
ஆடிக் காற்றுக்கு எடை உண்டு,
இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.
ஆளில்லாத தட்டு இருபது கிலோ காட்டும்,
பூஜ்யம், பிறகு நாற்பது.
சிவப்பு எண்கள் ஏறி இறங்க
மூன்றாவது பாட்டை மறுபடி வைத்தேன்.

ஸ்டிரைக் முடிந்த மறுநாள் வர்க்கி வந்தான்,
எண்பது ரூபாயைச் சரியாக எண்ணிக்கொண்டு.
அந்தப் பாட்டெல்லாம் யாருடையது என்று கேட்டேன்.
"ஏது பாட்டு?" என்றான்.
அவனுக்குப் பின்னால் பதினாலு டயர் ஒன்று
ஹாரன் அடித்தது.
கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி,
"வா, வா, வா" என்றேன்.